அந்தச் சுவர் ஆணி தாங்கும்

தம்பி,

நேற்றுப் பின்னேரம் நீ போனில் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. "பஸ் வந்திட்டுது, பிறகு எடுக்கிறன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். பஸ் ஒன்றும் வரவில்லை. கடைக்குள் ஆணிப் பெட்டிகளுக்கு நடுவில்தான் நின்றுகொண்டிருந்தேன். ஹாஜியார் கல்லாவில் இருந்தபடி என்னைப் பார்த்து, "என்ன அண்ணே, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு? பேத்திக்கு ஏதும் சுகமில்லையோ?" என்று கேட்டார். இல்லை, வெயில் என்றேன். அதுவும் பொய். இந்த இரண்டும் சின்னப் பொய்கள். இவற்றுக்கு முன்னால் சொன்ன பெரிய பொய் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நேரில் வந்தால் உன் முகத்தைப் பார்த்ததும் கதையை வேறு பக்கம் திருப்பிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். நாளைக்கு நீ வேலை செய்யும் பாங்குக்கு வந்து இதை உன் கையில் தந்துவிட்டுப் போவேன். நிற்க மாட்டேன். நீயும் மறிக்காதே.

நீ கேட்டது இதுதான். "அப்பா, பிள்ளைக்கு முப்பத்தொண்டு கழிச்சாலும் வீட்டை வரமாட்டாவாம் அனிற்றா. பேசாலையில தாய் வீட்டிலேயே இருப்பம் எண்டுறா. காரணம் கேட்டா வாய் திறக்கிறா இல்லை. அம்மா ஏதும் சொல்லிப்போட்டாவோ?"

அம்மா ஒன்றும் சொல்லவில்லை, தம்பி. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்து உங்கள் மூவரையும் கூட்டி வருகிற நாளுக்காக அம்மா தொட்டில் சீலையைத் தோய்த்து, காயவைத்து, மடித்து, பிறகு மடிப்புச் சரியில்லை என்று திரும்பவும் விரித்து மடித்துக்கொண்டிருக்கிறார். நீ அப்படிக் கேட்ட நேரம் நான் "இல்லை" என்ற ஒரு சொல்லைச் சொல்லியிருக்கலாம். அதைக்கூடச் சொல்லவில்லை. பழி அம்மா பக்கம் கிடந்தால் என் பக்கம் வராது என்று ஒரு கணம் மனம் நினைத்தது. முப்பது வருடத்துக்கு மேல் எனக்குச் சோறு போட்ட மனிசியை அப்படி விட்டுவிட்டு பஸ் வருகிறது என்றேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. இந்தக் கடிதம் முழுக்க அதைத்தான் சொல்லப் போகிறேன், பொறுமையாக வாசி.

நீ சின்ன வயதில் எங்கள் கடைக்கு வருவாய் என்பதால் உனக்குத் தெரியும், அங்கே என்னுடைய மூலை எது என்று. சீமெந்து, தகரம், பெயின்ற் எல்லாம் மற்றவர்கள் பார்ப்பார்கள். ஆணி, கொளுக்கி, திருகாணி, சுவரில் எதையாவது மாட்டுவதற்கு என்ன வேண்டுமோ அதெல்லாம் நான். மன்னார் டவுனில் படம் மாட்ட ஒரு கொளுக்கி வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். நான் முதலில் கொளுக்கியை எடுக்க மாட்டேன், சுவரைக் கேட்பேன். பழகினவர்கள் நான் கேட்கும்வரை இருக்கமாட்டார்கள். சுவரில் ஆணியால் குடைந்து, விழுந்த தூளைப் பேப்பர்த் துண்டில் மடித்துக் கையோடு கொண்டுவருவார்கள். வெள்ளையாக, விரலுக்குள் மாவாகப் போனால் கடலில் வெட்டிய முருகைக்கல்லால் கட்டிய பழைய வீடு. அதில் சுத்தியலால் அடிக்கக் கூடாது, துளைத்துத்தான் செருகவேண்டும். சாம்பல் நிறத்தில் நறநறவென்று இருந்தால் நல்ல சீமெந்துக் கல். துளைக்குள் செருக ஒரு பிளக்கும் திருகாணியும் போதும். சந்தேகம் வந்தால் நாக்கில் ஒரு துளி வைத்துப் பார்ப்பேன். கரித்தால் கடல் மண் கலந்து அச்சில் அரிந்த சீமெந்துக் கல். அதில் சாதாரண ஆணி அடித்தால் ஒரு மாரி தாண்டாது, கறள் பிடித்து, படம் கீழே வரும். "தூள் நக்கி" என்று எனக்குக் கடையில் பட்டம் இருப்பதும் உனக்குத் தெரியும். எனக்கு அதில் பெருமைதான். என் வாயால் ஒரு சுவரைப் பற்றி ஒன்று சொன்னால் அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்டதில்லை.

இனி எங்கள் வீட்டு முன் ஹோல் சுவர். அதில் கனகாலம் ஒரு படம் மட்டும்தான் இருந்தது. உன் அப்பப்பா, என்னுடைய அப்பா. கட்டுக்கரைப் பக்கம் நீர்ப்பாசனக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டு, ஒரு கை கதிரையின் முதுகில், நெற்றியில் திருநீறு. இடம்பெயர்ந்து இந்தியாவுக்குப் போனபோது வீட்டில் இருந்த எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்தப் படத்தை மட்டும் துவாயில் சுற்றி எடுத்துப் போனேன். திரும்பி வந்து, மாந்தையில் இந்த வீட்டைக் கட்டி, முதல் வேலையாக அந்தப் படத்தைத்தான் மாட்டினேன். வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள், "ஆர் இது?" என்று. "அப்பா. கந்தோரில இருந்தவர்" என்று சொல்வேன். அந்த ஒரு வசனத்தைச் சொல்வதற்காகவே நான் ஆட்களை ஹோலுக்குள் கூப்பிட்டு இருத்துவேன் என்று அம்மா பகிடி பண்ணுவார். உண்மைதான்.

நீ பேசாலையில் ஒரு பிள்ளையை விரும்புகிறேன் என்று வந்து நின்றபோது நான் என்ன செய்தேன் என்று நினைவிருக்கிறதா? ஒரு சொல் மறுக்கவில்லை. வேதக்காரப் பிள்ளை, மீன்பிடிக் குடும்பம், தகப்பன் நெஞ்சு வருத்தத்தில் போய்விட்டார், தாயும் ஒரு தங்கச்சியும் என்றாய். "அதுக்கென்ன? காலம் மாறிப்போச்சு" என்றேன். திருக்கேதீஸ்வரத்தில் தேர் இழுக்கிற பரம்பரை நாங்கள் என்று முணுமுணுத்த என் மச்சானை வாயடைக்க வைத்தேன். மாதாகோயிலிலும் எழுத்து, வீட்டிலும் தாலி என்று இரண்டு முறையிலும் கல்யாணம் நடந்தது. கடையில் ஹாஜியாரிடம் சொன்னேன், "எங்கட வீட்டில சாதியும் இல்லை, சமயமும் இல்லை" என்று. அவர் என் கையைப் பிடித்து, "அல்லா உங்களுக்கு நல்ல மனசு தந்திருக்கிறான்" என்றார். அந்த நல்ல மனசு எங்கே போய் இடித்தது என்று கேள்.

கல்யாணம் முடிந்து அனிற்றா எங்கள் வீட்டுக்கு வந்த கிழமை. நீ வேலைக்குப் போயிருந்தாய். எனக்கு லீவு. கதிரையில் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அறைக்குள் இருந்து ஒரு படத்தை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தாள். ஹோலில் நின்று, அப்பப்பாவின் படத்தைப் பார்த்து, தன் படத்தைச் சுவரில் வைத்துப் பார்த்து, எடுத்து, கொஞ்சம் தள்ளி வைத்து, காதுக்குப் பின்னால் செருகியிருந்த பென்சிலை எடுத்துச் சுவரில் ஒரு புள்ளி போட்டாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"மாமா, இதில ஒரு ஆணி அடிச்சுத் தருவீங்களோ? அப்பாட படம். தாத்தாவுக்குப் பக்கத்தில எண்டா வடிவா இருக்கும்."

நான் படத்தைப் பார்த்தேன். யாரோ போனில் பிடித்ததைப் பெருப்பித்துச் சட்டம் போட்டது. கடற்கரையில் வள்ளத்துக்கு முன்னால் ஒரு மனிதர். மேலில் துணி இல்லை. சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருக்கிறார். இரண்டு கையிலும் ஒரு பெரிய பாரை மீன். முன்பல் இரண்டு இல்லை, அந்த இடைவெளி தெரியத் தெரியச் சிரிக்கிறார்.

இதை எழுத என் கை கூசுகிறது. அந்தப் படத்தைப் பார்த்த உடனே என் மனதில் வந்தது அனிற்றா இல்லை, நீ இல்லை. என் மச்சான் வந்து கதிரையில் இருந்து "ஆர் இது?" என்று கேட்பதுதான் வந்தது. கோட்டுப் போட்ட கிளாக்கருக்குப் பக்கத்தில் மேல் துணி இல்லாமல் மீனோடு நிற்கிற ஆள். "சம்பந்தி" என்று நான் சொல்லவேண்டும். எனக்கு அது ஏலாமல் இருந்தது. காலம் மாறிப்போச்சு என்று ஊரெல்லாம் கதைத்தவனுக்கு, ஒரு சட்டத்துக்குள் இருக்கிற மனிதனை என் அப்பாவுக்குப் பக்கத்தில் பார்க்க ஏலாமல் இருந்தது.

அப்படியென்றால் "வேண்டாம் பிள்ளை" என்று நேரே சொல்லியிருக்கலாம். அந்தத் துணிவும் எனக்கு இல்லை. எழும்பிப் போனேன். அவள் போட்ட புள்ளிக்குப் பக்கத்தில் மடக்கிய விரல் மொளியால் தட்டினேன். காதை வைத்துக் கேட்டேன். வைத்தியர் மாதிரித் தலையை ஆட்டினேன்.

"பிள்ளை, இது கடல் மண்ணில அரிஞ்ச கல்லு. ஆணி தாங்காது. கண்ணாடிச் சட்டம், பாரம். அப்பாட படம் எல்லோ, விழுந்து உடைஞ்சா மனம் தாங்குமோ?"

"அப்ப தாத்தாட படம்?"

"அது கட்டேக்கையே கொளுக்கி வைச்சுப் பூசினது."

அதுவும் பொய். அது பிளக்கும் திருகாணியும் போட்டு நானே மாட்டியது. அவளுக்கு எப்படித் தெரியும்? மாமாவின் தொழிலே அதுதானே. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நல்ல காலம் மாமா உங்களிட்டக் கேட்டது. நானா அடிச்சிருந்தா உடைச்சிருப்பன்" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்கு நன்றி சொன்னாள், தம்பி. பிறகு படத்தைப் பழைய படுக்கைத் துணியில் சுற்றி, உங்கள் அறை அலுமாரிக்குப் பின்னால் வைத்தாள். நீ அதைக் கேட்டதில்லை. பின்னேரம் வீட்டுக்கு வந்து அவளிடம் "அப்பாட படம் எங்க மாட்டினது?" என்று ஒரு தரம் கேட்டிருந்தாயானால் நான் அன்றே பிடிபட்டிருப்பேன். உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். உன் வீட்டுக்கு ஒருத்தி எதையாவது அணைத்துக்கொண்டு வந்தால், அது எங்கே வைக்கப்பட்டது என்று போய்ப் பார். இது புத்தி சொல்லத் தகுதியில்லாதவன் சொல்லும் புத்தி, இருந்தாலும் கேள்.

அன்று சாப்பாடு போடும்போது அம்மா என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார், "உங்கட அப்பாவுக்குப் பக்கத்தில ஒரு ஆள் நிண்டா அவருக்கு மூச்சு முட்டுமோ?" என்று. குசினிக்குள் இருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். "உமக்குச் சுவரைப் பற்றி என்ன தெரியும்?" என்று சீறினேன். என் கோபம் எப்போதும் அப்படித்தான், பிழை என் பக்கம் இருந்தால் குரல் கூடும். அம்மா மோரை ஊற்றிவிட்டுப் போய்விட்டார். உன்னிடம் சொல்லியிருப்பார் என்று நீ நினைக்கலாம். இல்லை. என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அதற்கு நேற்று நான் கொடுத்த கைமாறைத்தான் பார்த்தாயே.

உனக்கு இன்னொன்றையும் ஞாபகப்படுத்த வேண்டும். நீ ஏழாம் வகுப்போ எட்டாம் வகுப்போ. பள்ளிக்கூடத்தில் தகப்பன் தொழில் என்ன என்று கேட்டதற்கு "கந்தோரில வேலை" என்று சொல்லிவிட்டாய். ஆசிரியர் கடைக்கு ஆணி வாங்க வந்த இடத்தில் என்னிடமே அதைச் சொல்லிச் சிரித்தார். வீட்டுக்கு வந்து உன்னை எப்படி அடித்தேன்! "ஆணி விக்கிறது உனக்குக் கேவலமோ? ஆணி வித்த காசிலதானே நீ உடுத்துற சட்டை!" என்று கத்தினேன். நீ அழுதுகொண்டு, "அப்பப்பா மட்டும்தானே ஹோலில இருக்கிறார்" என்றாய். அது எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. வாய்க்கு வாய் கதைக்கிறான் என்று இன்னொரு அடி போட்டேன். கந்தோர்தான் பெருமை என்று உனக்குச் சுவரில் மாட்டிக் காட்டியவன் நான். நீ அதைப் படித்துச் சொன்னதற்கு உன்னையே அடித்தேன். அந்த அடிக்கு இப்போதாவது மன்னிப்புக் கேட்கிறேன்.

சரி, ரீவிக் கதைக்கு வருகிறேன். அதுதான் என்னை உரித்துப் போட்டது.

நீ ஆசையாக வாங்கி வந்தாய். அந்தப் பெரிய ரீவி, பெட்டிக்குள் இரும்புப் பிராக்கெட், கூடவே டிறில் மெசினோடு ஒரு ஆள். "அப்பா வேலையால வந்து காலை நீட்டிக்கொண்டு பாக்கட்டும்" என்றாய். எந்தச் சுவர் என்று கேட்டார்கள். நீ ஹோல் சுவரைக் காட்டினாய். "மேசையில வைப்பம் தம்பி, சுவர் எல்லாம் வேண்டாம்" என்று சொல்லிப் பார்த்தேன். நீ, "போங்கோ அப்பா, ஊருக்கெல்லாம் மாட்டச் சொல்லிக் குடுக்கிற நீங்கள் மேசையில வைக்கிறதோ?" என்று சிரித்தாய். அந்த ஆளும் சிரித்தான். அவன் டிறிலைப் பிடித்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. சின்னப் பிளக் ஒன்றை எடுத்தான். சுவருக்குப் பயந்து மெதுமெதுவாகத் துளைத்தான். எனக்குத் தொழில் புத்தி வந்துவிட்டது, தம்பி. மற்றது எல்லாம் மறந்துபோனேன். "ஏன் காணும் இப்பிடிச் சுரண்டுறீர்? பெரிய பிளக்கைப் போடும்! அமத்திப் பிடியும்! நானே நிண்டு கட்டின சுவர், ஆனையைக் கொண்டுவந்து கட்டினாலும் தாங்கும்!" என்று ஹோல் அதிரக் கத்தினேன்.

திரும்பிப் பார்த்தேன். அனிற்றா தேத்தண்ணித் தட்டோடு நின்றாள். வயிற்றில் பிள்ளை, மாதம் ஏறிப்போயிருந்தது. தட்டை மேசையில் வைத்தாள். ரீவி ஏறுகிறவரை சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். நீ றிமோட்டைத் தேடிக்கொண்டிருந்தாய். அந்த ஆள் போன பிறகு அவள் சொன்னாள், "சுவர் நல்ல உறுதி, என்ன மாமா?"

குத்தலாகச் சொல்லவில்லை. குத்தியிருந்தால் நான் கோபப்பட்டுத் தப்பியிருப்பேன். சாதாரணமாக, ஒன்று தெரிந்துகொண்ட ஆள் சொல்வது மாதிரிச் சொன்னாள். பிறகு விளக்குமாறை எடுத்து, அந்த வயிற்றோடு குனிந்து, கீழே கொட்டிக் கிடந்த தூளைக் கூட்டி அள்ளினாள். சாம்பல் நிறத் தூள். அன்றிலிருந்து ரீவியில் என்ன ஓடினாலும் எனக்கு அதற்குப் பின்னால் இருக்கிற சுவர்தான் தெரிகிறது. நீ கேட்பாய், "அப்பா ரீவி பாக்கிறியளோ?" என்று. பார்க்கிறேன் என்பேன்.

அதற்குப் பிறகும் அவள் எனக்குச் செய்கிறதில் ஒரு குறையும் வைக்கவில்லை. தலைப்பிள்ளைப் பேற்றுக்குத் தாய் வீட்டுக்குப் போகிற அன்று என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் போனாள். படத்தைக் கொண்டுபோகவில்லை. அலுமாரிக்குப் பின்னால்தான் இருந்தது. ஏன் விட்டுவிட்டுப் போனாள் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பேத்தியைப் பார்க்கப் பேசாலைக்குப் போனபோதுதான் விளங்கியது.

நீ கடைக்குப் போயிருந்தாய், பிள்ளைக்குச் சவர்க்காரம் வாங்க. சம்பந்தியம்மா என்னைக் கதிரையில் இருத்திச் சோடா உடைத்துத் தந்தார். பக்கத்து வீட்டு மனிசி ஒருத்தியும் இருந்தார். அனிற்றா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அறை வாசலில் இருந்தாள். அந்த வீட்டுச் சுவரில் திரு இருதய ஆண்டவர் படம், சின்னச் சிவப்பு பல்ப், அதற்குக் கீழே ஒரு வெறும் ஆணி. கறள் பிடித்த ஆணி. என் கண் தன்பாட்டில் அங்கே போனது. சம்பந்தியம்மா அதைக் கண்டுவிட்டார்.

"ஓம் அண்ணை, அதிலதான் என்ர மனிசன்ர படம் இருந்தது. கலியாணத்தோட மகளிட்டக் குடுத்துவிட்டனான். உங்களிட்ட ஒண்டு சொல்லோணும் எண்டு கனநாளா நினைக்கிறனான். மகள் சொன்னவள், இவற்ற படத்தை உங்கட ஹோலிலேயே, உங்கட அப்பாட படத்துக்குப் பக்கத்தில மாட்டியிருக்கிறீங்களாம். நீங்களே உங்கட கையால ஆணி அடிச்சனீங்களாம்."

நான் அனிற்றாவைப் பார்த்தேன். அவள் பிள்ளையின் காலுறையைச் சரிபண்ணிக்கொண்டிருந்தாள்.

சம்பந்தியம்மா பக்கத்து வீட்டு மனிசியைப் பார்த்துச் சொன்னார். "மனிசன் உயிரோட இருக்கேக்க உந்த மாந்தைப் பக்கம் எத்தனை வீட்டுக்கு மீன் கொண்டு போயிருப்பார்! முத்தத்தில நிண்டு குடுத்திட்டு வந்திடுவார். ஒரு வீட்டு ஹோலுக்குள்ள கால் வைச்சதில்லை. ஒருத்தரும் கதிரையில இரு எண்டு சொன்னதில்லை. இப்ப பாருங்கோவன், ஹோலிலேயே இருக்கிறார்." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம், "முப்பத்தொண்டுக்குப் பிள்ளையோட நானும் வாறன் அண்ணை. அந்தப் படத்தை அதில வைச்சு ஒருக்காப் பாக்கோணும். பாத்தாக் காணும் எனக்கு" என்றார்.

சோடாப் போத்தலைக் கீழே வைத்தேன். "வாங்கோ, கட்டாயம் வாங்கோ" என்றேன். வேறு என்ன சொல்ல? எழும்பி வாசலுக்கு வந்தேன். அனிற்றா பிள்ளையைத் தாயிடம் கொடுத்துவிட்டு வெளிவாசல் படலை வரைக்கும் வந்தாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள், "மாமா, அம்மாவ நான் ஏதாவது சொல்லி மறிக்கிறன். நாங்கள் கொஞ்ச நாள் இஞ்சயே இருக்கிறம். நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ."

இப்போது விளங்குகிறதா, அவள் ஏன் வர மாட்டேன் என்கிறாள் என்று? கோபத்தில் இல்லை. அவள் வந்தால் தாய் வருவார். தாய் வந்தால் சுவரைப் பார்ப்பார். சுவரில் கிளாக்கரும் ரீவியும்தான் இருக்கிறது என்று தெரிந்தால் தாய்க்கு மனம் உடையும், எனக்கு மானம் போகும். இரண்டும் நடக்காமல் இருக்க அந்தப் பிள்ளை, பச்சை உடம்போடு, தன் வீட்டுக்கு வராமல் இருக்கிறாள். உன்னிடமும் காரணம் சொல்லவில்லை, ஏனென்றால் சொன்னால் நீ உன் அப்பனைப் பற்றி என்ன நினைப்பாய் என்று. நீ அவளை வற்புறுத்துகிறாய், முகத்தைத் தூக்குகிறாய் என்று கேள்விப்பட்டேன். செய்யாதே. உன் கோபத்தைக் கொண்டுவந்து இந்தப் பக்கம் கொட்டு. கொட்டவேண்டிய இடம் இதுதான்.

நேற்று உன் போனை வைத்த பிறகு, கடையில் இருந்து டிறில் மெசினை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கூடவே ஒரு எவர்சில்வர் கொளுக்கியும் எடுத்துவந்தேன். நேரே ஹோலுக்குப் போனேன். அந்தப் பென்சில் புள்ளி இன்னும் இருக்கிறது, தம்பி. அப்பப்பாவின் சட்டத்துக்கு மட்டமாக, கொஞ்சம் தள்ளி, ரீவிக்கு இந்தப் பக்கம். அம்மா எத்தனையோ தரம் சுவர் துடைத்திருப்பார். அந்தப் புள்ளியைத் தவிர்த்துத்தான் துடைத்திருக்கிறார் என்று நேற்றுத்தான் கண்டேன். புள்ளியிலேயே டிறிலை வைத்தேன். பிளக்கைச் செருகி, கொளுக்கியைத் திருகினேன். தொங்கிப் பார்த்தேன், அசையவில்லை. அலுமாரிக்குப் பின்னால் போய்ப் படத்தை எடுத்தேன். சுற்றியிருந்த துணியைப் பிரித்தேன். அதே சிரிப்பு. அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, கையில் இருக்கிற மீனைப் பார்த்துத்தான் சிரிக்கிறார். எங்கள் முற்றத்துக்கும் மீன் கொண்டுவந்திருப்பாரோ என்று யோசித்தேன். நான் முகத்தைப் பார்க்காமல் காசைக் கொடுத்து அனுப்பியிருப்பேனோ என்னவோ. எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

மாட்டப் போனேன். அப்போது அம்மா குசினி வாசலில் இருந்து கேட்டார், "என்ன, ஆள் இல்லாத நேரம் பாத்துக் களவா மாட்டுறியளோ?"

"சம்பந்தி வந்து பாக்கப் போறா. மாட்டினா எல்லாம் சரிவந்திடும்" என்றேன்.

"உங்களுக்குச் சரிவந்திடும். அந்தப் பிள்ளை வந்து பாத்திட்டுத் திரும்பவும் வாயை மூடிக்கொண்டு இருக்கோணும். எத்தனை தரத்துக்கு அவளே மூடுறது? ஒருக்கா நீங்கள் திறவுங்கோவன்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் படத்தை மெல்லக் கதிரையில் வைத்தேன். என் கதிரையில், நிமிர்த்தி. அது இப்போதும் அங்கேதான் இருக்கிறது. நான் எதிரே மர வாங்கில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

ஆகையால் தம்பி, நீ செய்யவேண்டியது இவ்வளவுதான். இந்தக் கடிதத்தை அனிற்றாவிடம் கொடு. நீ வாசித்துக் காட்டாதே, அவளே வாசிக்கட்டும். கொளுக்கி சுவரில் இருக்கிறது, படத்தை நான் மாட்டவில்லை. அவள் வந்து தன் கையால் மாட்டவேண்டும், இல்லை, இந்த வீட்டில் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு போகவேண்டும். எது என்றாலும் அவள் இஷ்டம். ரீவி இடைஞ்சல் என்றால் கழற்றிவிடுகிறேன். சம்பந்தியம்மாவிடம் உண்மையைச் சொல்லவேண்டும் என்று அவள் சொன்னால், தாயை இருத்தி நானே சொல்கிறேன். சொல்ல வேண்டாம் என்றால் சாகும்வரை சொல்ல மாட்டேன். அதையும் அவளே சொல்லட்டும். அவள் வராமலே இருந்தாலும் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அம்மா அந்தத் தொட்டில் சீலையைத் திரும்பவும் மடித்துக்கொண்டிருக்கிறார், அதை மட்டும் சொல்லிவிடு.

கடிதத்தோடு ஒரு பேப்பர் மடிப்பு இருக்கும். கவனமாகப் பிரி, கொட்டிவிடும். நேற்று அந்தப் புள்ளியில் துளைத்தபோது விழுந்த தூள். என்னிடம் சுவரைப் பற்றிக் கேட்டு வருகிறவர்கள் கொண்டுவருவார்கள் என்று சொன்னேனே, அப்படித்தான் மடித்திருக்கிறேன். அனிற்றாவின் கையில் கொடு. கடற்கரையில் பிறந்து வளர்ந்த பிள்ளை, நான் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. நாக்கில் ஒரு துளி வைத்துப் பார்க்கச் சொல். உப்பு இல்லை.

அப்பா